விற்கப்போகும் வீட்டில் எதைத் திருத்துவது?

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். வீட்டை விற்றுப் பார் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். விற்க வேண்டிய நிலை ஒரு குடும்பத்துக்குச் சும்மா வருவதில்லை. மகளுக்கு வீடு கொடுக்க வேண்டும். வைத்தியச் செலவு வந்துவிட்டது. வாப்பா மௌத்தாகிப் பிள்ளைகள் பங்கு பிரிக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் இனித் திரும்புவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்கள். இப்படி ஏதாவதொரு நெருக்கடியில்தான் "வீடு விற்பனைக்கு" என்ற அட்டை படலையில் தொங்குகிறது.

அந்த நேரத்தில் ஆளுக்கொரு ஆலோசனை வரும். "பெயின்ற் அடியுங்கள், விலை கூடும்" என்பார் ஒருவர். "நிலத்துக்கு மாபிள் போடுங்கள்" என்பார் இன்னொருவர். "முன்பக்கம் ஒரு வளைவு எடுத்துப் போர்டிகோ கட்டுங்கள்" என்பார் மேசன். கைமாற்று வாங்கி, நகையை அடகு வைத்து இதையெல்லாம் செய்து முடிக்கிறோம். வாங்க வந்தவரோ மாபிளைப் பார்க்காமல் நேரே கிணற்றடிக்குப் போய், ஒரு வாளி தண்ணீர் அள்ளி வாயில் ஊற்றிப் பார்க்கிறார். முகம் சுளிக்கிறார். "யோசித்துச் சொல்கிறேன்" என்று போனவர் திரும்பி வருவதில்லை.

அன்பார்ந்த வாசகர்களே! விற்கும் வீட்டில் எந்த வேலைக்குப் போடும் காசு திரும்பி வரும், எதற்குப் போடுவது மண்ணில் போகும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வாங்குபவர் யார்?

உதாரணத்துக்குக் கோப்பாயை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியால் போனால் இருபாலையை அடுத்து வருவது கோப்பாய். அதற்கப்பால் வாழைத் தோட்டங்களுக்குப் பேர்போன நீர்வேலி. ஆசிரிய கலாசாலை, வைத்தியசாலை, பிரதேச செயலகம் எல்லாம் கோப்பாயில் உண்டு. திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழகமும் தூரமில்லை. ஊரின் உட்பக்கம் செம்மண் தோட்டக் காணி. கிழக்கே கைதடிப் பக்கம் போகப் போக நிலம் தாழ்ந்து நீரேரியில் முடிகிறது. நமது சமூகத்தவர் அங்கே அதிகம் இல்லை. ஆனால் வீட்டுக்கு விலை எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்பதைக் கற்றுக்கொள்ள அந்த ஊர் நல்ல பாடம். புத்தளத்திலோ அக்குறணையிலோ இருப்பவரும் அதைத் தம் ஊருக்குப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

அங்கே வீடு வாங்க வருபவர் யார்? ஆசிரியர், அரசாங்க உத்தியோகத்தர், மகளுக்குச் சீதனமாக வீடு தேடும் தகப்பன், ஊரிலுள்ள தாய் தகப்பனுக்காக வாங்கும் கனடாப் பிள்ளை. இவர்களில் பெரும்பாலானோர் வந்தவுடன் குடியிருக்க விரும்புபவர்கள். கையில் அளவான பணம் உள்ளவர்கள். வீட்டு விலையோடு முத்திரை வரியும் அவர்கள்தான் கட்ட வேண்டும். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். நொத்தாரிசு செலவு வேறு. வாங்கிய மறுநாளே கூரையைக் கழற்ற வேண்டிய வீடு அவர்களுக்குப் பயம். சீமெந்து விலை ஏறிய வேகத்தை அவர்கள் மறக்கவில்லை. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் ஒரு மூட்டை 3000 ரூபாயையும் தாண்டியது.

இதிலிருந்து ஒரு கணக்குப் பிறக்கிறது. கூரை ஒழுகுகிறது, திருத்த 3 இலட்சம் செல்லும் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவருக்கு அந்தச் செலவு சரியாகத் தெரியாது. மரமெல்லாம் உக்கியிருக்குமோ என்று பயந்து 8 இலட்சம் குறைத்துக் கேட்பார். நீங்கள் 3 இலட்சத்தில் திருத்தினால் அந்த 8 இலட்சப் பயம் போய்விடுகிறது. மறுபக்கம், பழுதில்லாத சீமெந்து நிலத்தின் மேல் 9 இலட்சத்துக்கு டைல்ஸ் பதிக்கிறீர்கள். அவர் பார்த்து "வடிவாக இருக்கிறது" என்பார். அதற்காக 3 இலட்சம் கூட்டித் தந்தாலே பெரிய காரியம்.

ஆகவே விதி இதுதான்: வாங்குபவரின் பயத்தை நீக்கும் வேலைக்குக் காசு போடுங்கள். அவருடைய ரசனையை ஊகித்துக் காசு போடாதீர்கள்.

அமெரிக்காவிலும் அனுபவம் இப்படித்தான். அங்கே ஒரு கட்டடத் தொழில் இதழ் நீண்ட காலமாக ஆண்டுதோறும் செலவையும் பெறுமதியையும் ஒப்பிட்டு அறிக்கை வெளியிடுகிறது. அண்மைய ஆண்டுகளில் முன்வாசற் கதவு, வாகனக் கொட்டில் கதவு ஆகியவற்றை மாற்றும் சிறிய வேலைகள் பட்டியலின் மேல்வரிசையில் நிற்கின்றன. ஆடம்பரமாகச் சமையலறையை மாற்றியமைப்பவர்களுக்குப் போட்ட பணம் முழுதாகத் திரும்புவதில்லை.

முதலில் உறுதி, பிறகு சீமெந்து

மிகக் குறைந்த செலவில் மிக அதிகமாக விலையைக் காக்கும் வேலைக்கு ஒரு மேசனும் தேவையில்லை. அது பத்திரங்களை ஒழுங்காக்குவது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டப்படி காணி விற்பனை நொத்தாரிசின் முன்னும் இரண்டு சாட்சிகளின் முன்னும் எழுதப்பட வேண்டும். வாய்ப்பேச்சுக்கும் வெள்ளைத்தாள் எழுத்துக்கும் காணி விடயத்தில் மதிப்பில்லை.

உங்கள் உறுதியை எடுத்துப் பாருங்கள். அதில் எழுதிய பரப்பும் வேலிக்குள் இருக்கும் பரப்பும் ஒன்றா? யாழ்ப்பாணத்தில் 16 பரப்பு ஒரு ஏக்கர். ஒரு பரப்பு 10 பேர்ச். "இரண்டு பரப்பு" என்று சொல்லி விற்கப் போய், அளந்து பார்த்தால் ஒன்றேமுக்கால் வருகின்ற வழக்குகள் எத்தனையோ. யுத்த காலத்து இடம்பெயர்வுகளில் வேலி விழுந்து, எல்லைக் கல் காணாமல் போய், அயலவர் தெரியாமலோ தெரிந்தோ இரண்டடி நகர்ந்திருப்பார். நில அளவையாளரை அழைத்துப் புதிய வரைபடம் எடுங்கள். ஒழுங்கையால் வரும் பாதை உரிமை உறுதியில் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பின்னால் இழுத்துக் கட்டிய அறைக்குப் பிரதேச சபையின் அனுமதி உண்டா? கோப்பாய் என்றால் அது வலிகாமம் கிழக்குப் பிரதேச சபை. அங்கீகரித்த வரைபடம், வீதி எல்லைச் சான்றிதழ், ஆதன வரி கட்டிய பற்றுச்சீட்டு, உறுதியின் 30 ஆண்டு வரலாறு ஆகியவை இல்லாமல் வங்கியோ இஸ்லாமிய நிதி நிறுவனமோ வாங்குபவருக்கு உதவாது. அப்போது கைக்காசு உள்ளவர் மட்டுமே மிஞ்சுவார். வாங்குவோர் குறைந்தால் விலையும் குறையும்.

தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட காணிகளில் இன்னொரு விடயம் உண்டு. பங்குதாரருக்கும் உரிமை வாரிசுகளுக்கும் முன்கொள்வனவு உரிமை இருக்கிறது. அதற்கென 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் உள்ளது. அவர்களுக்கு அறிவிக்காமல் வெளியாருக்கு விற்றால் வழக்கு வரலாம். தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டுச் சட்டம். கோப்பாயில் வீடு வாங்கப்போகும் நமது சகோதரர்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும். நமது பிக்ஹு சட்டத்தில் வரும் ஷுஃப்ஆ ஏறக்குறைய இதே கருத்துத்தான். ஷாபிஈ மத்ஹபில் அது பிரிக்கப்படாத காணியின் பங்காளிக்கு மட்டும் உரியது. ஹனபி மத்ஹபில் அயலவருக்கும் உண்டு. பங்காளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விற்பது சட்டத்துக்கும் நல்லது, உறவுக்கும் நல்லது.

கிணற்றடியில் விலை தீர்மானமாகிறது

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் தங்கும் மழைநீரே கிணற்று நீர். அந்த நன்னீர் கீழேயுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேலிருந்து அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். "தண்ணீர் குறைகிறது, கிணற்றை இன்னும் ஆழமாக்குவோம்" என்று வெடி வைத்துத் தோண்டி, இருந்த நல்ல தண்ணீரையும் உவராக்கிக்கொள்வது பெரிய ஆபத்து. நீரேரிப் பக்கமுள்ள காணிகளில் இது இன்னும் ஆபத்து. ஆழமாக்கும் காசைக் கிணற்றைத் துப்புரவாக்குவதற்கும், கட்டை உயர்த்திப் பூசுவதற்கும், கம்பி வலை மூடி போடுவதற்கும் செலவிடுங்கள். கூரையில் விழும் மழைநீரைப் பீலி வழியாகக் குழியில் இறக்கி நிலத்துக்குள் விடுவதும் நல்ல வேலை. அதிக செலவில்லை.

அடுத்தது மலக்குழி. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே குறைந்தது 50 அடியாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. சுண்ணாம்புக் கல் நிலத்தில் அழுக்கு வெடிப்புகளூடாக விரைவில் ஓடுவதால் கூடிய தூரம் கூடிய பாதுகாப்பு. தோட்ட உரமும் மலக்குழியும் சேர்ந்து குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றை ஏற்றிவிட்டன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. போத்தலில் பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கு அதனால் பெரிய ஆபத்து உண்டு.

ஆகவே தண்ணீரைப் பரிசோதித்து அறிக்கையைக் கையில் வைத்திருங்கள். நல்ல அறிக்கை ஒன்று புதுப் பெயின்றைவிட அதிகம் பேசும். தண்ணீர் கெட்டால் வீட்டுக்கு என்ன நேரும் என்பதைச் சுன்னாகம் காட்டியது. அங்கே மின்நிலையச் சூழலில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரிதாக எழுந்து, 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. குழாய்நீருக்கான முயற்சிகளும் நடக்கின்றன. தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. உங்கள் ஒழுங்கைக்குக் குழாய் வந்திருந்தால் இணைப்பை எடுத்துவிடுங்கள். கிணறும் குழாயும் உள்ள வீட்டுக்கு மதிப்பு வேறு.

கூரை, சுவர், மின்சாரம்

மாரி மழைக்கு முன் கூரையைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் குடாநாட்டு மழையின் பெரும்பகுதி கொட்டுகிறது. 2008 நவம்பரில் நிஷா புயல் கொண்டுவந்த வெள்ளம் எந்த வளவு பள்ளம், எந்த வளவு மேடு என்பதை ஊருக்கே காட்டிக் கொடுத்தது. உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். முகட்டு ஓட்டைப் பூசுங்கள். பழைய வீடுகளில் உள்ள பனங்கைமரமும் சிலாகையும் வைரம் பாய்ந்தவையானால் கழற்றாதீர்கள். கறையான் தின்ற ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் போதும். ஓட்டைக் கழற்றிவிட்டு அஸ்பெஸ்டஸ் சீற் போடுவது முன்னேற்றமாகாது. அதன் நார் நுரையீரலுக்குக் கேடு. நீல அஸ்பெஸ்டஸை இலங்கை 1987இலேயே தடை செய்தது. இன்று படித்தவர்கள் வெள்ளைச் சீற்றையும் யோசித்தே பார்க்கிறார்கள். ஏற்கனவே சீற் இருந்தால் அதை அறுக்காமல், உரஞ்சாமல் விடுங்கள்.

சுவரில் ஈரம் ஏறியிருந்தால் காரணத்தைத் தேடுங்கள். பீலி உடைந்து சுவரோடு தண்ணீர் வழிகிறதா? வீட்டைச் சுற்றி மண் உயர்ந்துவிட்டதா? கொங்கிறீற்றில் வெடிப்பு விட்டுக் கம்பி கறள் பிடித்திருக்கிறதா? கடல் மணலில் கட்டிய இடங்களில் உப்பு கம்பியைத் தின்னும். காரணத்தைத் தீர்க்காமல் மேலே பூசினால் அடுத்த மாரியில் பூச்சு கழன்று விழும்.

மின்சாரத்தையும் மறவாதீர்கள். 1990களில் யாழ்ப்பாணம் ஆண்டுக்கணக்கில் இருளில் கிடந்தது. பழைய வீடுகள் சிலவற்றில் அதற்கு முன்பு இழுத்த வயர்களே இன்னும் சுவருக்குள் இருக்கின்றன. இன்றைய குளிர்சாதனப் பெட்டியையும் நீர் மோட்டரையும் அவை தாங்கா. வயரை மாற்றி, மின்னொழுக்கில் தானே விழும் சுவிற்சைப் பொருத்தினால் உயிருக்கும் பாதுகாப்பு, வாங்குபவருக்கும் நிம்மதி.

இவற்றுக்குப் பின் வருவது மலசலகூடம். பழைய வீடுகளில் அது வளவின் கோடியில் இருக்கும். வயோதிபப் பெற்றோருக்காக வீடு வாங்குபவர் வீட்டோடு சேர்ந்த குளியலறையைத் தேடுவார். எளிமையான ஒன்றைக் கட்டி, கமோட் வைத்து, வழுக்காத நிலம் போட்டால் அந்தச் செலவு பெரும்பாலும் திரும்பும். ஒரு வாகனம் உள்ளே வரக்கூடிய அகலத்தில் கேற் வையுங்கள். குசினியில் புகை போக வழியும், கழுவுத் தொட்டியில் தண்ணீர் வடிய வழியும் இருக்கட்டும். கடைசியாக வெள்ளையோ இளம் மஞ்சளோ ஒரு பூச்சு. அது போதும்.

செய்ய வேண்டாதவை

விற்பதற்காக மேல்மாடி கட்டாதீர்கள். உயர்ந்த மதிலும் சிங்க முகக் கேற்றும் வேண்டாம். மூன்று அறையை இடித்து ஒரு பெரிய மண்டபமாக்காதீர்கள். அறை குறைந்தால் விலை குறையும். மா, பலா, தென்னையை "வெளிச்சம் வரட்டும்" என்று தறிக்காதீர்கள். காய்க்கும் மரம் உள்ள வளவை யாழ்ப்பாணத்தவர் விரும்பி வாங்குவார்கள். பலாவையும் ஈரப்பலாவையும் பெண் பனையையும் அனுமதியின்றி வெட்டுவது சட்டத்துக்கும் மாறு.

கோப்பாயில் வாங்க வருபவர் பெரும்பாலும் சைவ சமயத்தவர். கிணறு வடகிழக்கில் இருக்கிறதா, அடுப்படி தென்கிழக்கில் இருக்கிறதா, வாசல் எந்தத் திசை என்று மனையடி சாஸ்திரம் பார்ப்பார். திசையில் நன்மை தீமை இருப்பதாக நாம் நம்புவதில்லை. ஆனால் இருக்கும் வாசலையும் கிணற்றையும் நம் வசதிக்காக இடம் மாற்றி, வாங்குபவரை விரட்டுவதில் என்ன இலாபம்? இருந்தபடியே விட்டுவிடுங்கள்.

ஈரத்தை மறைக்கலாமா?

இங்கே மார்க்கம் நேராகத் தலையிடுகிறது. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தை அவர்கள் உணர்த்தினார்கள். ஈரச் சுவருக்குப் பெயின்ற் அடித்து விற்பவர் அந்த வியாபாரியைவிட எந்த விதத்தில் மேலானவர்? மறைத்த குறை பின்னர் தெரியவந்தால் வாங்கியவருக்குப் பொருளைத் திருப்பும் உரிமை உண்டு. கியாருல் ஐப் என்று அதைக் கிதாபுகளில் ஓதியிருக்கிறோம்.

குறையைச் சொன்னால் விலை விழும் என்று அஞ்ச வேண்டாம். "கோடையில் தண்ணீர் கொஞ்சம் குறையும், வற்றாது, இதோ அறிக்கை" என்று சொல்பவரின் மற்ற வார்த்தைகளையும் வாங்குபவர் நம்புவார். திருத்த முடியாத குறையைச் சொல்லி, அதற்கேற்ப விலையைக் குறைத்துக்கொள்வது ஹலாலான வழி.

திருத்தாமல் விற்பதே சரியாகும் இடம்

வட மாகாண முஸ்லிம்களுக்கு இந்தக் கேள்வி வேறு வடிவில் வந்தது. 1990 அக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். புத்தளம் முகாம்களில் ஆண்டுகள் கழிந்தன. 2002 போர்நிறுத்தத்தின் போதும் 2009க்குப் பிறகும் சோனகதெருவுக்குப் போய்ப் பார்த்தவர்கள் பலர் கண்டது கூரையும் கதவும் நிலையும் இல்லாத சுவர்களை. உள்ளே மரம் முளைத்திருந்தது. அவசரத்தில் அடிமாட்டு விலைக்கு விற்றவர்களும் உண்டு.

அப்படிப்பட்ட வீட்டில் மேற்சொன்ன கணக்கு மாறுகிறது. சுவரில் வெடிப்பு விட்டு அத்திவாரமும் அசைந்திருந்தால் வாங்குபவர் காணிக்குத்தான் விலை பேசுவார், சுவரை இடித்துவிடுவார். அங்கே புதுக் கூரை போடுவது வீண். வளவைத் துப்புரவாக்கி, கிணற்றை இறைத்து, எல்லையை அளந்து, உறுதியைச் சரியாக்கிவிட்டுக் காணியாக விற்பதே புத்தி. சுவர் உறுதியாக இருந்தால் மட்டும் கூரையைப் பற்றி யோசியுங்கள். எதுவாயினும் அயலில் அண்மையில் விற்ற இரண்டு மூன்று காணிகளின் விலையை விசாரிக்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

செலவை யார் தலையில் எழுதுவது?

வீட்டைவிடப் பெரிய சேதம் உறவில் நேர்கிறது. வாப்பா விட்டுச்சென்ற வீடு. உம்மா, இரண்டு மகன், ஒரு மகள் உரிமையாளர்கள். 80 இலட்சத்துக்கு விற்றால் உம்மாவுக்கு எட்டில் ஒன்று, 10 இலட்சம். மீதி 70இல் மகன்மாருக்கு 28 வீதம், மகளுக்கு 14. இது தெளிவு. ஆனால் விற்கும் முன் மூத்தவர் தன் கையால் 8 இலட்சம் போட்டுக் கூரையைத் திருத்தினார் என்றால்? எல்லோரும் சம்மதித்து, "விற்றதும் முதலில் இதை எடுத்துக்கொள்வது" என்று எழுதி வைத்திருந்தால் 8ஐக் கழித்து மீதி 72ஐப் பங்கிடலாம்: உம்மாவுக்கு 9, மகன்மாருக்கு 25 இலட்சத்து 20 ஆயிரம் வீதம், மகளுக்கு 12 இலட்சத்து 60 ஆயிரம். யாரையும் கேட்காமல் போட்டிருந்தால், அவர் தன் விருப்பத்தில் செய்த உபகாரமாகவே அது கருதப்படலாம். திருப்பிக் கேட்டால் சண்டை, கேட்காவிட்டால் மனக்குறை. இரண்டு வரி எழுதியிருந்தால் இரண்டும் வந்திராது.

ஆகவே வேலையைத் தொடங்குமுன் உம்மாவின் முன்னிலையில் எல்லோரும் உட்காருங்கள். தங்கையையும் அழையுங்கள், அவளும் பங்காளி. எதைத் திருத்துவது, எவ்வளவுக்கு, யார் காசு, எப்படித் திரும்பும் என்பதை எழுதிக் கையொப்பமிடுங்கள். பற்றுச்சீட்டுகளை ஒரு கொப்பியில் ஒட்டி வையுங்கள். சீமெந்து மூட்டை அதற்குப் பிறகு வந்து இறங்கட்டும்.